குறைமாசப் பிள்ளைக்கு குடல்ல ஓட்டை விழுந்தா அம்மா பால்தான் காரணமா?

தம்பி, நீங்க கேட்டதை ஒரு தடவை நானே திருப்பிச் சொல்லிப் பாத்துக்கறேன். அக்காவுக்கு 27 வாரத்துல பையன், எடை 880 கிராம். ரெண்டாவது நாள்லேருந்து அக்கா பீச்சிக் கொடுத்த பாலை ட்யூப் வழியா ஒவ்வொரு மில்லியா விட்டுருக்காங்க. ஆறாவது நாள் வயிறு உப்பி கருநீலமா மாறிருக்கு, எக்ஸ்ரே எடுத்துட்டு குடல்ல ஓட்டைன்னு சொல்லி, வயித்துல வலது பக்கம் கீழ சின்னதா ஒரு ட்யூப் வச்சிருக்காங்க, ஆபரேஷன் பண்ணலை. பிள்ளை மதுரையில, அக்கா சிசேரியன் முடிஞ்சு காரைக்குடியில மாமியார் வீட்ல. உங்க கேள்வி "ட்யூப் மட்டும் போதுமா, ஏன் ஆபரேஷன் பண்ணலை, பிள்ளை பிழைச்சுக்குமா"ங்கிறது. ஆனா போற போக்குல "அப்பத்தா பால் செரிக்காமத்தான் குடல் வெடிச்சிருச்சுன்னு சொல்லுது, அக்கா அன்னைலேருந்து பால் பீச்சறதையே நிறுத்திட்டா"ன்னு ஒரு வரி எழுதிருக்கீங்க பாருங்க, எனக்கு என்னமோ அதுதான் உண்மையான கேள்வியாப் படுது. அதனால அதுக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன். பால் காரணம் இல்ல. இன்னைக்கு ராத்திரியே திரும்ப பீச்ச ஆரம்பிக்கச் சொல்லுங்க. மத்ததை அப்புறம் படிச்சுக்கலாம்.

நான் பச்சிளம் குழந்தைகள் ஐ.சி.யு.ல ரொம்ப வருஷமா வேலை பாக்குற டாக்டர், ஊரு தேவகோட்டைப் பக்கம். சர்ஜன் இல்ல. இந்த மாதிரி பிள்ளைகளை ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் பாத்துக்கறதுதான் என் வேலை. உங்க பையனோட எக்ஸ்ரேயை நான் பாக்கலை, அதனால அவனைப் பத்தி நான் சொல்றது எல்லாமே நீங்க எழுதுனதை வச்சு யூகிக்கிறதுதான், வார்டுல இருக்கிற டாக்டர் வேற சொன்னா அவர் சொல்றதையே எடுத்துக்கங்க.

1500 கிராமுக்கு கீழ, அதுலயும் 1000 கிராமுக்கு கீழ பொறக்குற பிள்ளைகளுக்கு குடல்ல ஓட்டை விழுறது பெரும்பாலும் ரெண்டு வழியில நடக்குது. வெளியில ரெண்டையும் சேர்த்து "குடல் ஓட்டை"ன்னு ஒரே பேரா சொல்லிடறாங்க, வீட்ல வர்ற குழப்பம் பாதி இதனாலதான். ஒண்ணு என்.இ.சி, அதாவது குடல் அழுகிப் போற நோய். இன்னொண்ணு எஸ்.ஐ.பி, தானா ஒரே ஒரு எடத்துல மட்டும் ஓட்டை விழுறது. உங்க ஊர் கண்டாங்கி சேலையை வச்சே சொல்றேன், சேலை முழுக்க நல்லாத்தான் இருக்கும், ஒரு எடத்துல மட்டும் நூல் இழை இழையா மெலிஞ்சு பொத்துன்னு கிழிஞ்சுரும், அது எஸ்.ஐ.பி. ஈரத்துல மடிச்சு வச்சு துணியே இத்துப் போயி கை வச்ச எடமெல்லாம் கிழியுது பாருங்க, அது என்.இ.சி.

எஸ்.ஐ.பி பெரும்பாலும் மொத ஒண்ணு ரெண்டு வாரத்துக்குள்ளயே வந்துரும். சிறுகுடல் போயி பெருங்குடல்ல சேர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி, அந்தக் கடைசிப் பகுதியிலதான் அதிகம். ஓட்டையைச் சுத்தி எடுத்த திசுவை மைக்ராஸ்கோப்புல பாத்தா அந்த எடத்துல குடலோட தசை அடுக்கு ரொம்ப மெலிசா இருக்கும், இல்லன்னா இருக்கவே இருக்காது, ஆனா சுத்தி இருக்கிற குடல் உசிரோட நல்லா இருக்கும், அழுகல் கிடையாது. வயிறு திடீர்னு கருநீலமா மாறுறது இதோட அடையாளம். நீங்க சொன்ன ஆறாவது நாள், அந்த நிறம், 27 வாரம், பையன் (ஆண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அதிகம்), எல்லாத்தையும் சேர்த்துப் பாத்தா இது எஸ்.ஐ.பியா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு நான் நினைக்கிறேன். பாலே தொடாத பிள்ளைகளுக்கும் இது வருது. அப்பத்தாகிட்ட சொல்றதா இருந்தா இந்த ஒண்ணைச் சொல்லுங்க, வேற எதுவும் வேண்டாம்.

இது ஏன் வருதுன்னு கேட்டா, முதல் காரணம் குறைமாசம்தான், அது உறுதி. அதுக்கு மேல மருந்து சம்பந்தமா ஒரு விஷயம் ஓரளவு உறுதியாத் தெரியும். இருதயத்துப் பக்கத்து ரத்தக்குழாய் ஒண்ணு பொறந்ததுக்கப்புறமும் மூடாம இருந்தா அதை மூட வைக்கக் கொடுக்கிற இண்டோமெதசின், அதோட பி.பிக்கோ நுரையீரலுக்கோ கொடுக்கிற ஸ்டீராய்டு, ரெண்டும் மொத சில நாள்ல ஒண்ணா சேர்ந்தா ஓட்டை விழுற வாய்ப்பு கூடுது. அமெரிக்காவுல இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுத்துப் பாத்த ஒரு பெரிய ஆய்வையே இதனால பாதியில நிறுத்துனாங்க, 2004ல அது வெளிவந்துச்சு. இதைப் படிச்சதும் வார்டுக்குப் போயி சண்டை போட்றாதீங்க, பி.பி இறங்கிப் போற பிள்ளைக்கு அந்த மருந்து கொடுக்க வேண்டிய கட்டாயம் வரும், அதுவும் உங்க பையனுக்கு ரெண்டும் கொடுத்தாங்களாங்கிறதே இங்க தெரியாது. பனிக்குட நீர்ல கிருமித் தொற்று, கேண்டிடாங்கிற பூஞ்சை, இதெல்லாம் கூடவே வர்றதைப் பாக்குறோம், ஆனா அதுதான் ஓட்டை போடுதா இல்ல கூட்டாளியா வருதாங்கிறது இன்னும் விவாதத்துலதான் இருக்கு. அக்கா மாசமா இருக்கையில என்ன சாப்பிட்டாங்க, வெயில்ல எந்தக் கோயிலுக்குப் போனாங்கங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அந்தப் பேச்சும் வீட்ல ஓடிட்டுத்தான் இருக்கும்னு தெரியும், அதான் சொல்லி வைக்கிறேன்.

என்.இ.சி வேற மாதிரி. அது பெரும்பாலும் ரெண்டாவது வாரத்துக்கு அப்புறம், பால் அளவு ஏறிக்கிட்டு இருக்கையில வரும், பிள்ளை எவ்வளவு சின்னதோ அவ்வளவு தாமதமா வரும். வயிறு உப்பும், ட்யூப்ல பச்சையாத் திரும்பி வரும், மலத்துல ரத்தம் போகும், எக்ஸ்ரேயில குடல் சுவருக்குள்ளயே காத்துக் குமிழி தெரியும், சில நேரம் கல்லீரலுக்குப் போற ரத்தக்குழாய்ல கூட காத்து தெரியும். 1978ல பெல்னு ஒரு டாக்டர் கொடுத்த நிலை வரிசையைத்தான் கொஞ்சம் மாத்தி இன்னைக்கும் நாங்க கேஸ் ஷீட்ல எழுதறோம். என்.இ.சி வர்ற பிள்ளைகள்ல பத்துக்கு ஒம்போதுக்கு மேல ஏற்கெனவே பால் குடிச்ச பிள்ளைகளாத்தான் இருக்கும், அப்பத்தா மாதிரி பெரியவங்களுக்கு வர்ற சந்தேகத்துக்கு வேர் இங்கதான் இருக்கு, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனா எந்தப் பால்ங்கிறதைப் பாக்கணும். இங்கிலாந்துல 926 குறைமாசப் பிள்ளைகளை வச்சு 1990ல வந்த ஆய்வுல, பவுடர் பால் மட்டுமே குடிச்ச பிள்ளைகளுக்கு, தாய்ப்பால் மட்டும் குடிச்ச பிள்ளைகளை விட 6லேருந்து 10 மடங்கு என்.இ.சி வந்துருந்துச்சு. அதுக்கப்புறம் எத்தனையோ ஆய்வு வந்தாச்சு, தாய்ப்பால் பாதுகாப்புங்கிற அந்த விஷயம் மட்டும் மாறவே இல்ல. குடல் ஓட்டைக்கு வேற காரணங்களும் உண்டு, மலம் கெட்டியாகி அடைச்சுக்கிறது, பிறவியிலேயே குடல்ல நரம்பு இல்லாம இருக்கிறது, இரைப்பையில ஓட்டை, இதெல்லாம் குறைவு, அதனால விட்டுடறேன்.

இப்ப ட்யூப் விஷயம். வார்டுல அதை ட்ரெய்ன்னு சொல்வாங்க. வயித்துல வலது கீழ்ப் பக்கம் சின்னதா ஒரு கீறல் போட்டு, மெல்லிசான ரப்பர்க் குழாயை உள்ள விட்டு, உள்ள தேங்கி இருக்கிற காத்தையும் அழுக்குத் தண்ணியையும் வெளியேத்தறது, பிள்ளையை தியேட்டருக்குத் தூக்கிட்டுப் போகாம படுக்கையிலேயே செஞ்சுரலாம். 1970கள்ல கனடாவுல டொரண்டோவுல, ஆபரேஷன் தாங்காதுன்னு நினைச்ச பிள்ளைகளை கொஞ்சம் தேத்தறதுக்காக ஆரம்பிச்சது இது. அப்படித் தேத்துனதுல சில பிள்ளைகளுக்கு ஆபரேஷனே தேவைப்படாமப் போச்சு, அங்கேருந்துதான் "ட்ரெய்னே ஒரு சிகிச்சைதானே"ங்கிற யோசனை வந்துச்சு. உங்க கேள்வியை உலகத்துல இருக்கிற சர்ஜன்மாரும் கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. 2006ல அமெரிக்காவுலேருந்து ஒரு ஆய்வு, 1500 கிராமுக்குக் கீழ 117 பிள்ளைகள், பாதிப் பேருக்கு ட்ரெய்ன் பாதிப் பேருக்கு ஆபரேஷன், 90 நாள் முடிவுல ரெண்டு பக்கமும் ஏறக்குறைய நூத்துக்கு 35 பிள்ளை இறந்துருந்துச்சு, வித்தியாசமே இல்ல. அப்புறம் 2021ல இன்னொண்ணு, இது 1000 கிராம் வரைக்கும் உள்ள 310 பிள்ளைகள், இதுல இறப்பை மட்டும் பாக்காம ரெண்டு வயசு வாக்குல மூளை வளர்ச்சியையும் சேர்த்துப் பாத்தாங்க. மொத்தமாப் பாத்தா இதுலயும் ரெண்டும் சமம்தான். ஆனா பிரிச்சுப் பாத்தப்ப ஒண்ணு தெரிஞ்சுச்சு, ஆபரேஷனுக்கு முன்னாடியே என்.இ.சின்னு நினைச்ச பிள்ளைகள்ல மோசமான முடிவு ஆபரேஷன் பக்கம் நூத்துக்கு 69, ட்ரெய்ன் பக்கம் 85. எஸ்.ஐ.பின்னு நினைச்ச பிள்ளைகள்ல ஆபரேஷன் பக்கம் 69, ட்ரெய்ன் பக்கம் 63.

அதாவது என்.இ.சின்னு தோணுனா வயித்தைத் திறந்து அழுகுனதை எடுக்கிறதுதான் மேல்னு படுது, எஸ்.ஐ.பின்னு தோணுனா ட்ரெய்ன் வச்சுப் பொறுத்துப் பாக்குறதுல தப்பில்ல. இந்தப் பிரிச்சுப் பாத்த கணக்கு சின்ன எண்ணிக்கையில வந்தது, அதனால "படுது"ன்னுதான் சொல்றேன், கல்வெட்டு இல்ல. இன்னொரு சிக்கல், வயித்தைத் திறக்காம எது எதுன்னு நூத்துக்கு நூறு யாராலயும் சொல்ல முடியாது, எக்ஸ்ரேயும் நாள் கணக்கும் வயித்தோட நிறமும் வச்சு ஒரு முடிவுக்கு வர்றதுதான். உங்க டாக்டருங்க ட்ரெய்னோட நிறுத்துனது சோம்பல்லயோ பணத்துக்காகவோ இல்ல, அவங்களும் எஸ்.ஐ.பின்னு நினைச்சுருப்பாங்க, இல்ல பிள்ளை அந்த நேரம் மயக்க மருந்தைத் தாங்குற நிலையில இல்லாம இருந்துருக்கும். நேராவே கேளுங்க, "சார், இது எஸ்.ஐ.பியா என்.இ.சியா, நீங்க எதுன்னு நினைக்கிறீங்க"ன்னு. இந்தக் கேள்வியைக் கேட்டாலே டாக்டர் உக்கார வச்சு வேற மாதிரி பேசுவார்.

ட்ரெய்ன் வச்ச அடுத்த சில நாள்தான் முக்கியம். மொதல்ல பச்சையும் மஞ்சளுமா அழுக்கு வரும், பாக்க பயமாத்தான் இருக்கும், வரட்டும், வெளிய வர்றது நல்லது. போகப் போக குறையணும், வயிறு இறங்கணும், ஒண்ணுக்கு நல்லாப் போகணும், வெண்டிலேட்டர் தேவை குறையணும். அதுக்குப் பதிலா பிளேட்லெட் விழுந்துக்கிட்டே போறது, ரத்தத்துல அமிலம் ஏறுறது, வயித்துத் தோல் சிவந்து இறுகுறது இதெல்லாம் நடந்தா ஆபரேஷனுக்குக் கேப்பாங்க, அப்ப கையெழுத்துப் போடத் தயங்காதீங்க. அப்படி ஆபரேஷன் பண்ணுனா பெரும்பாலும் கெட்டுப்போன பகுதியை எடுத்துட்டு குடலோட முனையை வயித்துத் தோலுக்கு வெளிய வச்சுருவாங்க, மலம் அது வழியா ஒரு பையில வரும். நம்ம பக்கம் இதைப் பாத்துட்டு வாழ்க்கை முழுக்க இப்படித்தானோன்னு ஒடைஞ்சு போயிடறாங்க. இது தற்காலிகம்தான், பொதுவா 6லேருந்து 8 வாரம் கழிச்சு, இல்ல பிள்ளை 2 கிலோ வாக்குல வந்ததும் திரும்ப உள்ள சேர்த்துருவாங்க. அதுவரைக்கும் உப்பு நிறைய அது வழியா வெளிய போயிரும், அதனால எடை ஏறாம நிக்கும், உப்பு மருந்து கொடுப்பாங்க. அழுகல் அதிகமாயி நிறைய குடலை வெட்ட வேண்டி வந்தா கதை கஷ்டம்தான், ஆனா குறைமாசப் பிள்ளைக்கு ஒரு சாதகம் இருக்கு, வயித்துக்குள்ள இருந்துருந்தா அந்தக் கடைசி மூணு மாசத்துல குடலோட நீளம் ஏறத்தாழ ரெண்டு மடங்காகும், அந்த வளர்ச்சி உங்க பையனுக்கு இன்னும் பாக்கி இருக்கு.

இப்ப பாலுக்கு வர்றேன், நான் இவ்வளவு நீட்டி எழுதறதே இதுக்குத்தான். ஓட்டை ஆறுற வரைக்கும், பெரும்பாலும் 10லேருந்து 14 நாள், வாய் வழியா ஒண்ணும் கொடுக்க மாட்டாங்க, நரம்பு வழியாத்தான் சத்து போகும். அந்த நரம்பு வழிச் சாப்பாடு வாரக்கணக்குல நீண்டா கல்லீரல் சோர்ந்து மஞ்சக்காமாலை வரும், லைன்ல கிருமி ஏறும், அதனால எவ்வளவு சீக்கிரம் பாலுக்குத் திரும்புறோமோ அவ்வளவு நல்லது. திரும்பி ஆரம்பிக்கையில ரெண்டு மணி நேரத்துக்கு 1 மில்லி மாதிரிதான் ஆரம்பிப்பாங்க, நாள் முழுக்கச் சேர்த்தா 12 மில்லி, அவ்வளவுதான். அந்த 12 மில்லி அன்னைக்கு அம்மா பாலா இருக்கணும்னா அக்காவுக்கு இப்பவே பால் ஓடிக்கிட்டு இருக்கணும். இந்த ரெண்டு வாரம் நிறுத்துனா வத்திப் போயிரும், அப்புறம் பவுடருக்குத்தான் போகணும், குடல் ஒரு தடவை ஓட்டை விழுந்த பிள்ளைக்கு அதுதான் நான் கடைசியா விரும்புற பால். ஒரு நாளைக்கு 8 தடவை, ராத்திரி ஒரு தடவையாவது, கையாலயோ பம்பாலயோ, 10 சொட்டு வந்தாலும் சரி பீச்சச் சொல்லுங்க. ஏற்கெனவே நிறுத்தி நாலு நாள் ஆயிருந்தாலும் திரும்பக் கொண்டு வரலாம், விட்ரக் கூடாது. பல வார்டுல வாய் வழியா பால் கொடுக்காத நாள்லயும் சீம்பாலை பஞ்சுல நனைச்சு கன்னத்துக்கு உள்ள தடவி விடறாங்க, உங்க நர்ஸ் சிஸ்டர்கிட்ட கேளுங்க.

காரைக்குடிக்கும் மதுரைக்கும் நடுவுல கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், அக்கா தையல் ஆறாம தினம் வந்து போக முடியாது, அங்கதான் நீங்க வர்றீங்க, தாய்மாமன் சீர் செய்யறதுக்கு முன்னாடி இந்த வேலையைச் செய்யுங்க. வார்டுல கொடுக்கிற டப்பாவுல பீச்சி, தேதியும் நேரமும் எழுதி ஒட்டி, ஃப்ரீஸர்ல வச்சு, தெர்மாகோல் பெட்டியில ஐஸ் பேக் போட்டு பஸ்ல எடுத்துட்டுப் போகலாம். வெளிய சும்மா வச்சா 4 மணி நேரத்துக்கு மேல வேண்டாம். ஒரு தடவை உருகுனதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. பால் பத்தலைன்னா தாய்ப்பால் வங்கி இருக்கான்னு கேளுங்க, வேற தாய்மாரோட பாலை பரிசோதிச்சு 62.5 டிகிரியில அரை மணி நேரம் சுட வச்சுக் கொடுப்பாங்க, ஆசியாவுலயே மொத வங்கி 1989ல மும்பை சயான்ல வந்துச்சு, இப்ப தமிழ்நாட்ல பெரிய அரசு ஆஸ்பத்திரிகள்ல இருக்கு. ஆனா பக்கத்து வீட்டு அக்கா பாலை நீங்களே வாங்கிட்டுப் போறது வேண்டவே வேண்டாம்.

பிழைச்சுக்குமாங்கிறதுக்கு என்னால ஆமா இல்லன்னு சொல்ல முடியாது, சொல்றவங்களை நம்பாதீங்க. மேல சொன்ன எண்ணெல்லாம் ஒளிக்காமச் சொன்னது நிலைமை லேசு இல்லன்னு நீங்க தெரிஞ்சுக்கணும்னுதான். ரெண்டுல எஸ்.ஐ.பி பிள்ளைகள்தான் நல்லா வர்றாங்க, அது ஏறக்குறைய எல்லா எடத்துலயும் பாக்குற விஷயம். மூளைக்கு என்ன ஆகும்ங்கிறது குடலை மட்டும் வச்சு முடிவாகாது, தலைக்குள்ள ரத்தக்கசிவு இருக்கா, கிருமி எத்தனை தடவை தாக்குச்சுங்கிறதுதான் பெருசு. தலைக்கு ஸ்கேன் எடுத்தாச்சான்னு கேளுங்க.

வயித்தைப் பத்தியே எல்லாரும் ஓடிக்கிட்டு இருக்கையில விட்டுப் போற ஒண்ணு கண் பரிசோதனை. குறைமாசப் பிள்ளைகளுக்கு விழித்திரையில ரத்தக்குழாய் தாறுமாறா வளந்து பார்வை போயிரலாம், உரிய நேரத்துல லேசர் வச்சா காப்பாத்தலாம், தாண்டிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. 34 வாரத்துக்கு முன்னாடி, இல்ல 2 கிலோவுக்குக் கீழ பொறந்த பிள்ளைக்கெல்லாம் 30 நாளுக்குள்ள பாக்கணும், உங்க பையன் மாதிரி 28 வாரத்துக்கும் முன்னாடி வந்த பிள்ளைக்கு 2லேருந்து 3 வாரத்துக்குள்ளயே. வயித்துல ட்ரெய்ன் இருந்தாலும் கண் டாக்டர் வார்டுக்கே வந்து பாப்பார், ஒத்திப் போட விடாதீங்க.

இன்னும் சில சின்ன விஷயம். கொப்புடையம்மன் துன்னூறை இன்குபேட்டருக்குள்ள போடக் கேக்காதீங்க, அக்கா நெத்தியில வச்சுக்கிட்டாப் போதும். பாக்க வர்ற சொந்தக்காரங்க கூட்டத்தை வளவு வாசல்லயே நிறுத்துங்க, பிள்ளையைத் தொடுறது அம்மா அப்பா ரெண்டு பேரோட கை மட்டும், அதுவும் கழுவிட்டு. வீட்டுக்கு வந்ததுக்கப்புறம் சேனை, உரை மருந்து, கழுதைப்பால், கிரைப் வாட்டர் எதுவும் நாக்குல வைக்கக் கூடாது, இதுல அப்பத்தாகிட்ட பிடிவாதமாவே இருங்க. என்.இ.சியா இருந்துருந்தா ஆறுன எடத்துல குடல் சுருங்கி சில வாரம் கழிச்சுக்கூட அடைப்பு வரலாம், அதனால பச்சையா வாந்தி எடுத்தாலோ வயிறு திரும்ப உப்புனாலோ காலையில பாத்துக்கலாம்னு இல்லாம அப்பவே கூட்டிட்டுப் போயிருங்க, பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆபரேஷன் பண்ணியிருந்தா அந்தத் திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டும் கையில இருக்கட்டும். டாக்டர் எதுன்னு சொன்னார்ங்கிறதை இங்கயே எழுதுங்க, அதை வச்சு மேற்கொண்டு சொல்றேன்.